வாடகை வண்டி, மூன்று மாநிலம், ஒரு கடல்: வாசகர் கேள்வி பதில்

நீலகிரியில் சீசன் நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ரோஜாவுக்கு என்ன உரம், பிளம்ஸ் ஏன் உதிர்கிறது என்றுதான் இருக்கும். இந்த மாதக் கட்டைப் பிரித்தால் ஐந்து கடிதங்கள் வரிசையாக வாடகைக் கார், பார்டர், செக்போஸ்ட். சரி, இந்த இதழ் முழுக்க அதையே பேசிவிடலாம். ரோஜாக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், செடி ஓடிவிடாது.

கேள்வி (குன்னூர், வங்கி ஊழியர்): அம்மாவையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர். கோவையில் செல்ஃப் டிரைவ் கார் எடுத்து முதல் நாள் ராத்திரி குன்னூர் வீட்டுக்கு வந்துவிட்டு, மறுநாள் மைசூர், அப்புறம் மடிக்கேரி, வயநாடு, கூடலூர் வழியாகத் திரும்ப வீடு என்று ஐந்து நாள் திட்டம். கம்பெனி வண்டிக்கு வாடகை அதிகமாக இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய சொந்த ஏழு சீட் வண்டியைப் பாதி வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா? பர்மிட், வரி, இ-பாஸ் எல்லாம் என்ன கணக்கு?

பதில்: எடுக்காதீர்கள். பாதி வாடகை என்றதும் மனம் இறங்கும், புரிகிறது. ஆனால் வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவதே சட்டப்படி தப்பு. காசு வாங்கிக்கொண்டு ஓட்டக் கொடுக்கிற வண்டிக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கவேண்டும். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் அது டிரைவரோடு வருகிற டாக்ஸி. அந்தத் தெரிந்தவரின் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கும்தான், ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான பாலிசி. குண்டல்பேட் பக்கம் ஒரு லாரி உரசிவிட்டு, வண்டி வாடகைக்குப் போனது என்று தெரியவந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். அப்புறம் வண்டிக்காரரும் நீங்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான், தெரிந்தவர் என்கிற உறவும் அதோடு சரி.

கறுப்பு பிளேட் வண்டி எடுத்தால் மட்டும் எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை. அந்த வண்டிக்கு அகில இந்திய பர்மிட் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று கேட்டு, காப்பியை போனில் அனுப்பச் சொல்லுங்கள். இருந்தால் கர்நாடகத்திலும் கேரளத்திலும் பெரும்பாலும் வரிப் பேச்சு எழாது. தமிழ்நாட்டு பர்மிட் மட்டும் என்றால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் நுழைவதற்கு முன்பே பரிவாகன் தளத்தில் வரி கட்டி ரசீது வைத்திருக்கவேண்டும். அதைக் கட்டுவது யார், நீங்களா கம்பெனியா என்பதைப் பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள், கர்நாடக எல்லையில் கக்கநல்லாவில் நின்றுகொண்டு போன் போட்டுச் சண்டை பிடிக்க முடியாது, அங்கே பல நேரம் சிக்னலே கிடைக்காது.

அதற்கும் மேலே ஒன்று, வாடகை ஒப்பந்தம். பர்மிட் இந்தியா முழுக்க இருக்கும், ஆனால் ஒப்பந்தத்தில் இரண்டு மாநிலம் மட்டும் என்று எழுதியிருப்பார்கள். என் கதையைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு வண்டி எடுத்து மைசூர் ரிங் ரோட்டில் டயர் வெடித்து நின்றேன், ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தால், "சார், அக்ரிமெண்ட்படி உங்கள் வண்டி தமிழ்நாடு, கேரளம் மட்டும்தான், கர்நாடகத்தில் எங்கள் உதவி கிடையாது" என்று பதில் வந்தது. எடுத்துப் பார்த்தால் நாலாவது பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படியே இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான், படிக்கிற கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். யாரைத் திட்டுவது?

இப்போது நம்ம ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடத்துக்கு வருகிறேன். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலில் இருந்து ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நமக்கு அது பழக்கமில்லை, ஏனென்றால் டிஎன் 43 வண்டியை யாரும் நிறுத்துவதில்லை. நீங்கள் கோவையில் எடுக்கிற வண்டி டிஎன் 37 ஆகவோ 38, 66, 99 ஆகவோ இருக்கும். குன்னூரில் பிறந்து வளர்ந்தவர், ஆதார் குன்னூர், ரேஷன் கார்டு குன்னூர், எல்லாம் சரிதான், கல்லாறு செக்போஸ்ட்டில் நிற்கிறவர் பார்ப்பது நம்பர் பிளேட்டைத்தான். சொந்த வீட்டுக்குப் போக இ-பாஸ் எடுத்த முதல் ஆள் நீங்கள் இல்லை, வெட்கப்படாமல் எடுங்கள், பைசா கட்டவேண்டியதில்லை. முதல் நாள் ஏறுவதற்கு ஒன்று, திரும்பும் நாள் பாட்டவயல் வழியாக மறுபடி மாவட்டத்துக்குள் நுழைவதற்கு ஒன்று, தனித்தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சீசனில் கடைசி நேரத்தில் எடுக்கலாம் என்று விட்டுவிடவேண்டாம்.

இதே கதைதான் கல்லட்டியிலும். வழக்கமாக நீங்கள் மசினகுடிக்கு அந்த 36 ஊசி வளைவில் இறங்கிப் போகிறவராக இருக்கலாம். வெளியூர் நம்பர் வண்டியை அங்கே இறங்க விடமாட்டார்கள், ஏறுவதற்கு மட்டும்தான். ஆகவே மைசூருக்கு கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட் என்று சுற்றித்தான் போகவேண்டும். குன்னூரில் இருந்து காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மைசூர் போய்விடலாம், நடுவில் பைக்காராவில் யாரும் இறங்கி போட்டோ எடுக்காமல் இருந்தால். முதுமலைக்குள்ளும் பந்திப்பூருக்குள்ளும் வண்டியை நிறுத்தி இறங்கக்கூடாது, குரங்குக்கு பிஸ்கட் போடக்கூடாது. வாடகை வண்டி என்றால் அபராத ரசீது கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு தொகை போட்டு உங்கள் டெபாசிட்டில் கழிப்பார்கள்.

திரும்பி வரும் நாளைத்தான் நீங்கள் குறைத்து எடைபோட்டிருக்கிறீர்கள். மடிக்கேரியில் இருந்து கோணிகொப்பல், குட்டா, தோல்பெட்டி, மானந்தவாடி, சுல்தான்பத்தேரி, பாட்டவயல், கூடலூர், ஊட்டி, குன்னூர் என்றால் மேப்பில் பார்க்க ஒன்றுமில்லை போல இருக்கும். முழுக்க மலைச்சாலை, அம்மாவுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தவேண்டும், கூடலூரில் இருந்து நடுவட்டம் ஏறும்போது சாயங்காலப் பனி இறங்கிவிடும். சுல்தான்பத்தேரியில் ஒரு ராத்திரி தங்குங்கள். ஆறாவது நாள் வாடகை போனால் போகிறது.

வண்டியை எடுக்கும்போது சுற்றி ஒரு வீடியோ, உள்ளே ஒரு வீடியோ, நாலு சக்கரத்தின் ரிம், முன் பம்பரின் அடிப்பக்கம், டீசல் முள், கிலோமீட்டர் எல்லாம் படம் எடுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கிறதா, வேகம் மீறினால் ஜிபிஎஸ் பார்த்து அபராதம் போடுவார்களா, ஃபாஸ்டேக் பணம் யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் இரண்டு பேர் என்றால் இரண்டு பேர் பெயரும் ஒப்பந்தத்தில் வரவேண்டும், மச்சான் கொஞ்ச தூரம் ஓட்டட்டும் என்பதெல்லாம் சொந்த வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டாவது கியரில் இறங்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக் வண்டி கொடுத்தால் மட்டும் கவனம், டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பர்லியார் வருவதற்குள் கருகல் வாசனை வரும். சமவெளிக்காரர்கள் வண்டியில் தினமும் நாம் மோந்து பார்க்கிற அதே வாசனைதான்.

கேள்வி (கூடலூர்): அண்ணே, நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு ஆபீஸ் முடிந்து அங்கேயே வாடகை வண்டி எடுத்தால், 9 மணிக்குள் பந்திப்பூர் கேட்டைப் பிடிக்க முடியுமா? பிடிக்க முடியாவிட்டால் வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

பதில்: முடியாது தம்பி. மைசூர் வரை 118 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ் ரோடு என்பதை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை 5 மணிக்கு வண்டியை எடுத்து, பேப்பரில் கையெழுத்துப் போட்டு, ஊரைத் தாண்டுவதற்கே 7 ஆகும். மைசூருக்கு அப்புறம் குண்டல்பேட் 60 கிலோமீட்டர், அதற்கப்புறம்தான் கேட். 9 மணிக்கு விழுகிற கம்பம் காலை 6 மணிக்குத்தான் தூக்குவார்கள். 2009இல் இருந்து இப்படித்தான், ராத்திரி வண்டியில் அடிபட்டுச் செத்த மானும் யானைக்குட்டியும் கொஞ்சமா? ஆம்புலன்ஸுக்கும் ஒரு சில அரசு பஸ்ஸுக்கும் மட்டும் விதிவிலக்கு.

வேறு வழி என்று நீ நினைக்கிறதெல்லாம் அடைபட்டதுதான். குண்டல்பேட்டில் இருந்து சுல்தான்பத்தேரி போகிற ரோட்டுக்கும் அதே 9 முதல் 6. மைசூரில் இருந்து பாவலி வழியாக மானந்தவாடி போகலாம் என்றால் அங்கே சாயங்காலம் 6 மணிக்கே அடைத்துவிடுவார்கள். சாம்ராஜ்நகர் போய் திம்பத்தில் இறங்கலாம் என்றால் 2022இல் இருந்து அங்கேயும் ராத்திரி 9 மணிக்கு மேல் கார் போக முடியாது. நாலு பக்கமும் காடு, அது தூங்குகிற நேரம் அது.

மைசூரில் தங்கு. காலை 4.30க்குக் கிளம்பி, குண்டல்பேட்டில் ஒரு டீயைக் குடித்துவிட்டு 6 மணிக்குக் கேட்டில் முதல் ஆளாக நில். கூடலூரில் அம்மா இட்லி ஊற்றும்போது வீட்டில் இருப்பாய். 8.50க்குக் கேட்டைப் பிடித்தே தீருவேன் என்று குண்டல்பேட் ரோட்டில் வாடகை வண்டியை விரட்டாதே, அதுதான் இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த பயம்.

கேள்வி (உதகமண்டலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்): மகளும் மருமகனும் ஜெர்மனியில், மியூனிக்கில் இருக்கிறார்கள். எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வாடகைக் காரில் ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்விட்சர்லாந்து என்று ஒரு சுற்று போகலாம் என்கிறார் மருமகன். நாற்பது வருஷமாக இந்த மலையில் ஓட்டியவன் நான், ஆல்ப்ஸில் ஒரு நாளாவது ஓட்டவேண்டும் என்று ஆசை. முடியுமா?

பதில்: முடியும் ஐயா. ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம், படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், பாஸ்போர்ட், விசா நகலோடு போங்கள். ஒரு வருஷம் செல்லும். உங்கள் லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அனுமதியோடு அதையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். இத்தாலியில் இந்த அனுமதி இல்லாமல் நம்ம லைசென்ஸை மட்டும் நீட்டினால் வேலைக்கு ஆகாது. அப்புறம், மருமகனிடம் சொல்லி வாடகை ஒப்பந்தத்தில் கூடுதல் ஓட்டுநராக உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு கேட்பார்கள். பெயர் இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொட்டால் இன்சூரன்ஸ் இல்லை.

விசா நாலு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான், பார்டரில் பெரும்பாலும் நிறுத்தக்கூட மாட்டார்கள். வண்டிக்குத்தான் நாட்டுக்கு நாடு வேறு சட்டம். ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட் என்று ஒரு கட்டணச் சீட்டு, ஒரு நாள், பத்து நாள் என்று கிடைக்கும், வண்டி நம்பரை வைத்து ஆன்லைனில் எடுக்கலாம். அதை எடுத்தாலும் இத்தாலிக்கு இறங்குகிற பிரென்னர் பாதைக்குத் தனிச் சுங்கம். ஸ்விட்சர்லாந்தில் நாள் கணக்கே கிடையாது, ஒரு மணி நேரம் போனாலும் வருஷத்துக்கான 40 பிராங்க் கட்டித்தான் ஆகவேண்டும். மியூனிக்கில் எடுக்கிற வண்டியில் இதெல்லாம் ஒட்டியிருக்கும் என்று நம்பவேண்டாம், கேளுங்கள். இத்தாலியில் நம்ம டோல்கேட் மாதிரிதான், நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது பணம், மஞ்சள் பலகை போட்ட டெலிபாஸ் (அந்த ஊர் ஃபாஸ்டேக்) வரிசையில் மட்டும் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இத்தாலியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளியார் வண்டி போகக்கூடாது, கேமரா இருக்கும், ஆள் இருக்காது. நிம்மதியாகக் காபி குடித்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு அபராதம் மருமகன் கிரெடிட் கார்டில் வந்து விழும், வாடகைக் கம்பெனியின் 'நிர்வாகக் கட்டணம்' தனி. காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடங்கள். ஒப்பந்தத்தில் எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்ற பட்டியலையும் மருமகன் படிக்கட்டும், சில உயர் ரக வண்டிகளை இத்தாலிக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். வண்டியை எடுத்த நாட்டிலேயே திருப்பிக் கொடுங்கள், வேறு நாட்டில் விட்டால் அதற்குக் கேட்கிற தொகைக்கு இன்னொரு வண்டியே எடுத்துவிடலாம்.

மலை உங்களுக்குப் புதிதில்லை, ரோட்டின் வலது பக்கம்தான் புதிது. முதல் நாள் ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுகிற வண்டிக்கு வழி, பலகை எதுவும் இல்லாத முச்சந்தியில் வலப்பக்கம் இருந்து வருகிறவருக்கு வழி. ஸ்விஸ் மலைச்சாலையில் மஞ்சள் நிற அஞ்சல் பஸ் வரும், நீல பலகையில் ஊதுகொம்பு படம் போட்ட ரோடுகளில் அதற்குத்தான் முதல் உரிமை, அது சொன்னால் பின்னால் எடுக்கவேண்டியதுதான். நம்ம மலையில் அரசு பஸ் வளைவில் வந்தால் எழுதாத சட்டமாக நாம் செய்வதை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். வேகக் கேமராவில் மட்டும் ஸ்விஸ்காரர்களிடம் விளையாடவேண்டாம், அபராதம் கேட்டால் பென்ஷன் நினைவுக்கு வரும்.

மகளுக்கு வர்க்கி கொண்டுபோவீர்கள், நல்லது. நெய்யும் பால்கோவாவும் வேண்டாம், பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை, விமான நிலையத்தில் தூக்கிக் குப்பையில் போடுவார்கள்.

கேள்வி (பந்தலூர், பெயர் வேண்டாம்): நண்பர்கள் மாகே போகிறோம், வாடகை வண்டி. திரும்பும்போது நாலைந்து மது பாட்டில் கொண்டுவந்தால் நாடுகாணி செக்போஸ்ட்டில் பிடிப்பார்களா?

பதில்: பிடிப்பார்களா என்பதை நான் சொல்லமாட்டேன். பிடித்தால் வண்டியையே பறிமுதல் செய்ய மதுவிலக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வண்டி உங்களுடையது இல்லை. பாட்டில் மிச்சம் பிடித்த காசையும் வண்டி விலையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பாட்டில் என்றதும் நினைவு வருகிறது, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள், அதில் தண்ணீர் ஊற்றி.

கேள்வி (கோத்தகிரி): அம்மாவுக்கு 75 வயது. 22 வயதில் தாத்தா பாட்டியோடு இலங்கையில் இருந்து கப்பலில் வந்தவர், டேன்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டத்தில்) கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். பிறந்த தோட்டத்தை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்கிறார், தலவாக்கலைப் பக்கம் என்று சொல்வார். வந்த மாதிரியே கப்பலில்தான் போகவேண்டுமாம். அண்ணனுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். இங்கிருந்து ஒரு வாடகைக் காரை எடுத்துக் கப்பலில் ஏற்ற முடியுமா? இல்லை அங்கே போய் எடுக்கவேண்டுமா?

பதில்: இந்தக் கடிதத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதற்கு நிதானமாக எழுதவேண்டும் என்றுதான்.

காரைக் கப்பலில் ஏற்ற முடியாது. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்த கப்பல் ஆட்களை மட்டும் ஏற்றுவது. நாலு மணி நேரம் போலக் கடல். மழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், ஆகவே ஐப்பசி கார்த்திகையில் போகலாம் என்று நாள் குறிக்கவேண்டாம். அம்மா வந்த வழி இது இல்லை, அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வந்தது தலைமன்னாரில் இருந்து ராமேஸ்வரமாக இருக்கும், அப்புறம் மண்டபம் முகாம். அந்தக் கப்பல் எண்பதுகளில் சண்டை தொடங்கியதோடு நின்றது, இன்னும் ஓடவில்லை. ஏறியதும் இது வேற பாதையாச்சே என்று அவர் கேட்டால் உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கவேண்டும்.

அங்கே போய் வண்டி எடுப்பது என்றால், அண்ணனின் சர்வதேச அனுமதியை மட்டும் காட்டி இலங்கையில் ஓட்ட முடியாது. அதற்கு அங்கே ஓர் ஒப்புதல் வாங்கவேண்டும், கொழும்பில் இருக்கிற ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் ஆபீசில் போட்டுத் தருவார்கள். நீங்கள் இறங்குவது வடக்கு முனையில், ஒப்புதல் இருப்பது கொழும்பில். விமானத்தில் கொழும்பு போகிறவர்களுக்கு இது சின்ன வேலை. கப்பலில் போகிற உங்களுக்கு முதல் நாளே இடிக்கும்.

ஆகவே என் யோசனை, அண்ணன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை: போகும்போது அம்மாவுக்காகக் கப்பல், யாழ்ப்பாணத்தில் டிரைவரோடு ஒரு வேன், திரும்பும்போது கொழும்பில் இருந்து திருச்சிக்கு விமானம். கப்பல் டிக்கெட்டை உறுதி செய்த பிறகே வேனைப் பேசுங்கள், கடல் சரியில்லை என்று கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனால் வேன் காத்திருப்புக்கு என்ன வாங்குவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேனைக் கொழும்பில் விட்டுவிடுவதால் டிரைவர் காலியாகத் திரும்புகிற தூரத்துக்கும் காசு கேட்பார், அது நியாயம்தான். அவரது சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதையும் அதோடு முடித்துவிடுங்கள். மலையக டிரைவர் கிடைத்தால் இன்னும் நல்லது, தோட்டத்துப் பாதை அவருக்குத் தெரியும், அம்மாவோடு பேச்சும் ஓடும். விசாவுக்கு ஆன்லைன் அனுமதி முன்பே எடுக்கவேண்டும்.

காங்கேசன்துறையில் இருந்து யாழ்ப்பாணம் பக்கம்தான். அன்றைக்கு அங்கேயே தங்குங்கள், கப்பல் ஆட்டத்துக்கு அப்புறம் அம்மாவை வேனில் உட்கார வைக்கவேண்டாம். மறுநாள் ஏ9 ரோடு, ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. மொத்தம் 321 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே காருக்கு 70தான் வேக வரம்பு, இங்கே மாதிரி நாலு வழிச்சாலைக் கணக்கைப் போடாதீர்கள். தம்புள்ளையிலோ கண்டியிலோ ஒரு ராத்திரி. அதற்கடுத்து கம்பளை தாண்டி ரம்பொடையில் ஏற ஆரம்பித்தால் உங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும், வளைவுக்கு வளைவு தேயிலைதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், கோத்தகிரிக் குளிருக்கு எடுக்கிற ஸ்வெட்டரே போதும். அங்கிருந்து நானுஓயா வழியாக இறங்கினால் தலவாக்கலை. திரும்பும்போது ஏறின வழியில் வராமல், ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று கொழும்புக்கு இறங்குங்கள், செயின்ட் கிளேர் அருவி அந்த ரோட்டில்தான் வரும்.

இனிமேல் சொல்வதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். தலவாக்கலைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொண்டு போனால் தோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தோட்டங்களுக்கு ஆபீசில் ஒரு இங்கிலீஷ் பெயர், நம்ம ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பெயர், இரண்டுக்கும் பல நேரம் சம்பந்தமே இருக்காது. அம்மா சொல்கிற பெயரை போன் மேப்பில் போட்டால் ஒன்றும் வராது, தோட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டோ, தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டையோ இருக்கிறதா என்று தேடுங்கள், ஆபீஸ் பெயர் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிக் கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்கு எழுதிய காகிதம் இப்போதாவது உதவட்டும்.

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) நேராகப் போய் நிற்காமல் தோட்டத்து ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அந்த அறையில் இன்றைக்கு வேறொரு குடும்பம் இருக்கும். தோட்ட ரோடு மேடு பள்ளம், அதனால்தான் கார் வேண்டாம் வேன் என்றேன்.

அப்புறம், இன்றைக்கே அம்மாவை உட்கார வைத்துக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த டிவிஷன், மேல் லயமா கீழ் லயமா, காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பிரட்டுக்களம் எந்தப் பக்கம், கங்காணி பெயர் என்ன, சம்பளத்தன்று சாமான் வாங்க எந்த டவுனுக்கு இறங்குவார்கள், நடந்தா பஸ்ஸிலா, மாரியம்மன் கோயில் ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா. வேன் டிரைவர் கேட்கப்போவது இதைத்தான்.